அண்டி ஆபீசில் 'பார்டர் சுகர்': முகாம் முடிந்தது, இனி என்ன?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு அண்டி ஆபீசில் (முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையில்) மேலாளராக இருக்கிறேன். மொத்தம் 160 பேர், அதில் 135 பேர் பெண்கள். உடைப்பு, தோல் உரிப்பு, தரம் பிரிப்பு எல்லாமே உட்கார்ந்த வேலை. கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. மூன்று மாதம் முன்பு முகாம் வைத்து எல்லோருக்கும் விரலில் குத்தி சுகர் பார்த்தோம். 41 பேருக்கு 'பார்டர்' என்றார்கள். அந்தப் பட்டியலை சூப்பர்வைசர்களிடம் கொடுத்து வைத்தோம். ஒரு டயட்டீஷியனை அழைத்து ஒரு மணி நேரம் பேசச் சொன்னோம். சுவரில் சார்ட் ஒட்டினோம். முதலாளி ஒரு ட்ரெட்மில்லும் வாங்கிப் போட்டார். சாயங்காலம் வேலை முடிந்து அரை மணி நேரம் எல்லோரும் நடக்கலாம் என்று சொன்னதில் முதல் வாரம் 20 பேர் வந்தார்கள், இப்போது ஒருவரும் இல்லை. ட்ரெட்மில்லில் சாக்கு காய்கிறது. முதலாளி இன்னும் செலவு செய்யத் தயார். எல்லோருக்கும் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தச் சோதனை) எடுக்க ஒரு லேப்காரர் பேக்கேஜ் சொல்கிறார், எடுக்கலாமா? டீயில் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போடலாமா? இவர்களுக்கு மாத்திரை கொடுத்துவிட்டால் தீராதா?

பதில்:

நடை ஏன் நின்றது என்பதற்கான காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: கிலோவுக்கு இவ்வளவு. பகலில் பத்து நிமிஷம் எழுந்தால் கூலி குறையும். சாயங்காலம் நின்றால் பஸ் போய்விடும். வீட்டில் தண்ணீர் பிடிக்க வேண்டும், அடுப்பு பற்ற வைக்க வேண்டும், பிள்ளைகள் காத்திருப்பார்கள். போதாததற்கு நம் மாவட்டத்தில் ஜூன், ஜூலையிலும் மழை, அக்டோபர், நவம்பரிலும் மழை. இத்தனைக்கும் நடுவே முதல் வாரம் 20 பேர் வந்ததே பெரிய விஷயம். அவர்களுக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலாளி செலவு செய்யத் தயார் என்றால் அந்தப் பணம் முதலில் போக வேண்டிய இடம் இதுதான்: திட்டத்துக்கு ஆகும் நேரம் முழுவதையும் கூலி உள்ள நேரமாக்குவது. அதைச் செய்யாமல் வேறு எதை வாங்கிப் போட்டாலும் அதன் மேலும் சாக்குதான் காயும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு பெண்ணுக்கு எட்டு மணி நேரத்துக்குச் சராசரியாக 400 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 ரூபாய். பின்னால் சொல்லப்போகும் வாராந்திர 20 நிமிஷ வகுப்புக் கூட்டத்துக்கு ஏறக்குறைய 17 ரூபாய். 15 பேர் கொண்ட குழுவுக்கு ஒரு கூட்டம் 250 ரூபாய், 16 வாரத்துக்கு 4,000 ரூபாய். மூன்று குழு என்றால் 12,000. ட்ரெட்மில்லின் பில்லை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூலியைக் கணக்கிடும்போது ஒவ்வொருவரின் கடந்த மாதச் சராசரியை எடுத்து, 'வகுப்பு நேரம்' என்று கூலிச் சீட்டில் தனி வரியாகவே காட்டுங்கள். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். சீட்டில் அச்சடித்து வந்தால் நம்புவார்கள்.

அடுத்தது அந்த 41 பேர். விரலில் குத்தி, சாப்பிட்டதா இல்லையா என்று பார்க்காமல் எடுத்த எண்ணை வைத்து 'பார்டர்' என்று சொல்ல முடியாது. ஒருத்தி காலையில் வெறும் டீ குடித்திருப்பாள், இன்னொருத்தி புட்டும் பழமும் சாப்பிட்டிருப்பாள். இருவருக்கும் 150 வந்தால் பொருள் வேறு வேறு. முகாமில் யாருக்காவது 200-க்கு மேல் வந்திருந்தால் அவர்களை மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். மற்ற எண்களை ஒதுக்கிவிட்டு, ஒரு டேப்பும் ஒரு தாளும் எடுத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

இந்தியர்களுக்கென்றே சென்னையில் உருவாக்கி 2005-இல் வெளியிட்ட நீரிழிவு அபாய மதிப்பெண் ஒன்று உண்டு. ரத்தம் தேவையில்லை, நாலே கேள்வி. வயது 35-க்குக் கீழ் 0, 35 முதல் 49 வரை 20, 50-க்கு மேல் 30. இடுப்புச் சுற்று பெண்களுக்கு 80 செ.மீ.க்குக் கீழ் 0, 80 முதல் 89 வரை 10, 90-க்கு மேல் 20. ஆண்களுக்கு இதே மதிப்பெண்கள் 90, 100 என்ற எல்லைகளில். உடற்பயிற்சியும் உண்டு, கடின வேலையும் உண்டு என்றால் 0. இரண்டில் ஒன்று மட்டும் என்றால் 20. இரண்டும் இல்லை என்றால் 30. அப்பா, அம்மா இருவருக்கும் சுகர் இல்லை என்றால் 0, ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. மொத்தம் 60-ம் அதற்கு மேலும் வந்தால் அதிக அபாயம். 45 வயது, இடுப்பு 86, அம்மாவுக்குச் சுகர், உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சி இல்லை என்றால் 20, 10, 10, 30 சேர்த்து 70. இந்த மாதிரி உங்கள் ஆபீசில் நிறையப் பேர் இருப்பார்கள்.

இதில் இரண்டு இடத்தில் தப்பு நடக்கும். முதலாவது, வேலை பற்றிய கேள்வி. "நாள் முழுக்க வேலை செய்கிறேனே" என்பார்கள். குறிப்பவரும் 'கடின வேலை' என்று போட்டுவிடுவார். அண்டி உடைப்பதிலும் தோல் உரிப்பதிலும் அலுப்பது விரலும் தோளும் முதுகும்தான். சர்க்கரையை எரிக்கும் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருக்கின்றன, அவை எட்டு மணி நேரமும் சும்மா இருக்கின்றன. ஆகவே இது உட்கார்ந்த வேலைதான், உடற்பயிற்சியும் இல்லை என்றால் 30 போடுங்கள். சாக்கு சுமப்பவர்களுக்கு மட்டும் கடின வேலை. இரண்டாவது, இடுப்பளவு. சேலைக் கொசுவத்தின் மேல் டேப் வைத்தால் சில செ.மீ. கூடிவிடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டதும், உடம்பின் மேல் நேராக அளக்க வேண்டும். அதற்கு ஒரு திரையும் ஒரு நர்ஸ் அம்மாவும் தேவை. ஆண் சூப்பர்வைசரிடம் டேப்பைக் கொடுத்தீர்களானால் அந்தக் கட்டம் முழுக்கக் கற்பனை எண்களாகவே நிரம்பும்.

60-ம் அதற்கு மேலும் வந்தவர்களுக்கும், மதிப்பெண் எதுவானாலும் கர்ப்ப காலத்தில் சுகர் இருந்தவர்களுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கூடுமானவரை 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையாக இருக்கட்டும். வெறும் வயிற்று அளவு மட்டும் பார்த்தால் நம்மவர்களில் பலர் தப்பிவிடுவார்கள். சாப்பிட்ட பிறகு ஏறுவதுதான் அவர்களிடம் முதலில் கெடுகிறது. முந்தைய மூன்று நாளும் வழக்கம்போல் சோறு சாப்பிட வேண்டும். சோதனை என்றதும் பயந்து சோற்றைக் குறைத்துவிட்டு வந்தால், குளுக்கோஸ் குடித்ததும் அளவு பொய்யாகவே ஏறிக் காட்டும். முந்தின இரவு சாப்பிட்டபின் 8 முதல் 10 மணி நேரம் தண்ணீர் மட்டும். காலையில் நரம்பில் ரத்தம் எடுத்துவிட்டு, குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்து 5 நிமிஷத்துக்குள் குடிக்க வேண்டும். முதல் மடக்கிலிருந்து இரண்டு மணி நேரம் எண்ணி மறுபடி ரத்தம். இடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். வேலை, நடை, வெற்றிலை, புகையிலை எதுவும் கூடாது. வாந்தி எடுத்தால் அன்றைய சோதனை செல்லாது, வேறொரு நாள் வைக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். அந்த இரண்டரை மணி நேரத்துக்கும் கூலி உண்டு.

வெறும் வயிற்றில் 100 முதல் 125, இரண்டு மணி நேரத்தில் 140 முதல் 199 மி.கி. என்றால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. நீங்கள் 'பார்டர்' என்பது இதைத்தான். 126, 200 என்ற எல்லைகளைத் தொட்டால் இன்னொரு நாள் மறுபடி சோதித்து உறுதி செய்ய வேண்டும். உறுதியானால் அவர்களுக்குத் தேவை சிகிச்சை. இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அனுப்புங்கள். சிக்கலானவர்களை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவர்களே அனுப்புவார்கள்.

எச்பிஏ1சி பேக்கேஜ் இப்போது வேண்டாம். அந்தச் சோதனை ரத்த சிவப்பணுவை நம்பி நிற்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் சுகர் இல்லாதவருக்கும் 5.8, 6 என்று கூட்டிக் காட்டும். பெண்களே நிறைந்த உங்கள் ஆபீசில் ரத்தசோகை எத்தனை பேருக்கு இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள், அதற்கான வைத்தியமும் நடக்கும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சூப்பர்வைசர்களிடம் கொடுத்த பட்டியலை இன்றே திரும்ப வாங்குங்கள். 'இவளுக்குச் சுகர், கண் மங்கும், தரம் பிரிக்கப் போட வேண்டாம்' என்று ஒரே ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அடுத்த சோதனைக்குப் பாதிப் பேர் லீவு போடுவார்கள். முடிவு ஒட்டிய உறையில் அவரவர் கைக்குப் போக வேண்டும். உங்களுக்குத் தேவை எண்ணிக்கை மட்டும்: இத்தனை பேர் குழுவுக்கு, இத்தனை பேர் மருத்துவரிடம்.

இனி வகுப்பு. ஒரு மணி நேரப் பேச்சு ஒரே ஒரு தடவை என்பது பயன்படாது. அமெரிக்காவில் 2002-இல் வெளியான பெரிய தடுப்பு ஆய்வில் பாடம் 16 தடவை நடந்தது. எடையில் 7 சதவீதம் குறைப்பு, வாரம் 150 நிமிஷ நடை என்று இலக்கு வைத்தார்கள். நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. நம் ஊர் நிலவரத்துக்கு 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு பொருத்தமானது. இரண்டு மணி நேர அளவு கூடியிருந்த 531 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். சாதாரண அறிவுரையோடு விட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவும் நடையும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம். ஆறேழு பேர் மாறினால் ஒருவருக்கு அந்த மூன்றாண்டில் நோய் வராமல் போகிறது. இதில் கவனிக்க வேண்டியது, அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. ஆகவே 64 கிலோ உள்ளவருக்கு ஆறு மாதத்தில் 3 முதல் 4 கிலோ என்று இலக்கு வையுங்கள், ஆனால் தராசு முள் நகரவில்லை என்பதற்காக யாரையும் விட்டுவிடாதீர்கள்.

வாரம் ஒரு நாள், 20 நிமிஷம், 12 முதல் 15 பேர், நாலு மாதம். அதன்பின் எட்டு மாதத்துக்கு மாதம் ஒரு தடவை. நடத்துவது அவர்களில் ஒருவராக இருக்கட்டும். பெஞ்சில் எல்லோரும் 'அக்கா' என்று கூப்பிட்டு யோசனை கேட்கிற ஒருத்தி இருப்பாள் அல்லவா, அவள்தான் சரி. சூப்பர்வைசர் வேண்டாம், எடை போட்டுக் கூலி குறிப்பவரிடம் யாரும் ராத்திரி என்ன சாப்பிட்டேன் என்று உண்மையைச் சொல்ல மாட்டார்கள். டயட்டீஷியன் மாதம் ஒரு தடவை வந்து அந்த அக்காமார்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும். அவர்களுக்கும் இந்த வேலைக்குத் தனியாகக் கொடுங்கள். கொட்டை வரத்து இல்லாமல் ஆபீஸ் மூடும் வாரங்களையும், டிசம்பரையும் தவிர்த்துத் தொடங்குங்கள். கிறிஸ்துமஸ் கேக்குக்கு நடுவில் முதல் பாடம் எடுபடாது.

நடையை மத்தியானத்துக்கு மாற்றுங்கள். சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் 15 நிமிஷம். சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே தொடைத் தசை அதை இழுத்துக்கொள்ளும் என்பதால் சாயங்கால நடையைவிட இது சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றத்தை நன்றாக அமுக்கும். உணவு இடைவேளையோடு இந்த 15 நிமிஷத்தைச் சேர்த்து நீட்டுங்கள், இருக்கும் இடைவேளையில் வெட்டாதீர்கள். உச்சி வெயிலில் கொட்டை காயவைக்கும் களத்தில் நடக்கச் சொல்ல வேண்டாம். குடோன் நடைபாதையில் சாக்குகளை ஒரு பக்கம் ஒதுக்கினால் மழை நாளிலும் நடக்கலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். வாரம் ஆறு நாளில் 90 நிமிஷம் வந்துவிட்டது. மீதி 60 நிமிஷத்துக்கு உட்காருவதை உடைக்க வேண்டும்: முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை மணி அடித்து, எல்லோரும் எழுந்து மூன்று நிமிஷம் அந்தக் கோடி வரை போய் வரட்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் எழ வேண்டும் என்பது முக்கியம். விருப்பப்பட்டவர் எழலாம் என்று விட்டால், பக்கத்தில் இருப்பவளின் தட்டு நிறைவதைப் பார்த்துக்கொண்டு ஒருத்தியும் எழ மாட்டாள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஸ்டூலில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழும் பயிற்சியைப் பத்துப் பத்தாக மூன்று தடவை செய்யட்டும். ஏற்கெனவே சுகருக்கு கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் சாப்பிடாமல் நடக்கக் கூடாது. படபடப்பு, வியர்வை வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை கொடுக்க வேண்டும் என்பது அக்காமாருக்குத் தெரிந்திருக்கட்டும்.

டீக்கு வருவோம். 160 பேருக்கு நாளைக்கு இரண்டு டீ, ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன், அதாவது 10 கிராம் என்றால் தினம் 3.2 கிலோ சர்க்கரை கொதிக்கிறது. அறிவிப்பெல்லாம் செய்யாமல் டீ போடுபவரிடம் மட்டும் சொல்லி, வாரத்துக்கு 200 கிராம் குறையுங்கள். எட்டாவது வாரம் 1.6 கிலோவுக்கு வந்துவிடும். ஒரே நாளில் பாதியாக்கினால் மறுநாள் வாசலில் உள்ள கடைக்குப் போய்க் குடிப்பார்கள். அங்கே பழம்பொரியும் இருக்கிறது. குழுவில் இருப்பவர்களுக்குச் சர்க்கரை போடாத டீ ஒரு தனிக் கேத்தலில் இருக்கட்டும். கருப்பட்டி பற்றிக் கேட்டீர்கள். சர்க்கரை வியாதிக்குக் கருப்பட்டி நல்லது என்று நம் ஊரில் ஊன்றிப் போன நம்பிக்கை. கருப்பட்டியும் பெரும்பாலும் அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் தாது உப்பு உண்டு, ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை அதுவும் ஏற்றவே செய்யும். நல்லது என்று நினைப்பதாலேயே ஒரு ஸ்பூன் கூடவே போடுவார்கள். அக்கானியும் (பதநீர்) அப்படித்தான், ஒரு தம்ளரில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும்.

பத்தரை மணி டீயோடு வடையும் பழம்பொரியும் போவதற்குக் காரணம் ருசி மட்டுமில்லை. பலர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். அந்த நேரத்துக்கு ஆபீசே வேகவைத்த சிறுபயறோ கடலையோ கொடுத்தால் வடை தானாகக் குறையும். ஆளுக்கு 40 கிராம் என்றால் ஊறப்போட 6.4 கிலோ வேண்டும். உடைந்த பருப்பைக் கொடுக்கலாமே என்று முதலாளி கேட்கலாம். முந்திரி சுகரை அதிகம் ஏற்றாது, ஆனால் 30 கிராமில் 165 கலோரிக்கு மேல் இருக்கிறது. கை நிறைய அள்ளும் இடத்தில் அளவு நிற்காது.

சாப்பாட்டில் எதை விடச் சொல்வது என்பதைவிட எதைத் தொடாமல் விடுவது என்று யோசியுங்கள். தேங்காயை நிறுத்து, மீன் குழம்பை நிறுத்து, சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்று தொடங்கினால் அடுத்த வகுப்புக்கு ஆள் வராது. சப்பாத்தியிலும் மாவுச்சத்து அதேதான். சம்பா அரிசி கொஞ்சம் மெதுவாகச் செரிக்கும் என்பது உண்மை, அதற்காக ஒரு தவி (கரண்டி) கூடப் போட்டால் பலன் போய்விடும். வற்புறுத்த வேண்டியது மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) விஷயத்தில். அதைக் காய்கறிக் கணக்கில் சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். 100 கிராம் சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து என்றால், 100 கிராம் பச்சை மரச்சீனியில் 38 கிராம். மரச்சீனி இருக்கும் நாளில் சோறு வேண்டாம். கிழங்கு ஒரு பங்கு, சாளையோ நெத்தோலியோ குழம்பில் ஒரு பங்கு, துவரன் (காய்கறிப் பொரியல்) இரண்டு பங்கு. சோற்று நாளிலும் இதே அளவுதான். சொல்லிக் கொடுக்க எளிய வழி: டிபன் கேரியரின் பெரிய அடுக்கில் துவரனையும் சிறிய அடுக்கில் சோற்றையும் வைக்கச் சொல்லுங்கள். கஞ்சியும் பயறும் சாப்பிடுகிறவர்கள் கஞ்சியில் பருக்கையைக் குறைத்துப் பயறைக் கூட்டினால் போதும். வாழைப்பழத்தில் சிறு மட்டி ஒன்று, ஏத்தன் (நேந்திரம்) என்றால் பாதி. சோறு உண்ட கையோடு வேண்டாம்.

ஆண்கள் 25 பேரை மறந்துவிடாதீர்கள். பாய்லர், லோடு, வண்டி என்று அவர்கள் வேலை வேறு, பிரச்சினையும் வேறு: ராத்திரிப் பரோட்டா, குடி, பீடி. கூட்டத்துக்கு வர மாட்டார்கள். ஆனால் தென்னிந்தியத் தொழிற்கூடங்களில் வேலை செய்த 537 ஆண்களிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், செல்போனில் வாரத்துக்கு இரண்டு முதல் நாலு குறுஞ்செய்தி மட்டும் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டில் செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் நீரிழிவு வந்தது. அது அவர்களுக்குப் பொருந்தும். 'ஆரோக்கியமே செல்வம்' மாதிரி எதுவும் அனுப்ப வேண்டாம். 'இன்றைக்குப் பரோட்டா இரண்டோடு நிறுத்தவும்' என்கிற மாதிரி, அன்றே செய்யக்கூடியதாக, வேலை விடும் நேரத்தில் அனுப்புங்கள். பெண்களில் பலரிடம் சொந்தப் போன் இருக்காது. வீட்டுப் போனுக்குச் செய்தி போனால் அது மகன் கையில்தான் போய் நிற்கும்.

மாத்திரை: மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரை தடுப்புக்கு உதவும், நான் சொன்ன இந்திய ஆய்விலும் உதவியது. நடையும் உணவும் தந்த பலனை ஒட்டியே அதன் பலனும் இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. எடை மிகக் கூடியவர்கள், கர்ப்பத்தில் சுகர் வந்தவர்கள், ஆறு மாதம் முயன்றும் அளவு ஏறிக்கொண்டே போகிறவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் யோசிப்பார். சிறுநீரகம் பார்க்காமல் தொடங்கக் கூடாது. ஆபீஸ் முதலுதவிப் பெட்டியில் அந்த மாத்திரை இருக்கவே கூடாது.

எடையை மாதம் ஒரு தடவை, ஒரே தராசில், செருப்பைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். இடுப்பை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. ரத்தப் பரிசோதனை ஓராண்டு முடிவில் போதும். வாராவாரம் விரலில் குத்தினால் 104 வந்த நாளில் சந்தோஷமும் 118 வந்த நாளில் அழுகையும்தான் மிஞ்சும். முதலாளியிடம் மாதாமாதம் காட்ட உங்களுக்கு எண் வேண்டுமென்றால் வருகைப் பதிவைக் காட்டுங்கள். எட்டாவது வாரத்தில் 15 பேரில் 10 பேர் வந்துகொண்டிருந்தால் நன்றாகப் போகிறது. அதற்குக் கீழே போனால் முதலில் கூலிச் சீட்டில் அந்த வரி ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். ட்ரெட்மில்லைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்றும் கேட்டுப் பாருங்கள். அந்தப் பணத்தில் மூன்று குழுவுக்குமே கூலி கொடுத்துவிடலாம்.